மயிலாத்தாளுக்கு ஸ்விங் சொல்லிக்கொடுத்தேன்

சென்ற மாதம் ஓர் இளம்பெண் என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சூப்பர் மார்க்கெட் மாடியில் நடனப் பள்ளி நடத்துகிறவள். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்த பள்ளி என்றும், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கட்டும் என்றே திரை போடவில்லை என்றும் சொன்னாள். திருப்பூரில் முதன்முதலாக வெஸ்டர்ன் டான்ஸ் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு விழாவில் என் அனுபவத்தைப் பேச வேண்டும் என்று கேட்டாள். சாதாரணக் குரலில்தான் கேட்டாள். நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மாள் வெளியே துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளியூரில் இருக்கிறான். இனி என்னைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லை. ஆனாலும் கை தானாகப் போய்க் கதவைச் சாத்தியது. "நான் ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தேம்மா" என்றேன். அது பொய்யில்லை. அந்தப் பெண் முகம் சுருங்கி, காபியைக் குடித்துவிட்டுப் போனாள். வாயால் சொல்ல வராததை எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் போத்தனூர்க்காரி. அப்பா ரயில்வே பட்டறையில் தச்சர். அம்மா துணி தைத்துக் கொடுப்பார். எங்களுக்கு அடுத்த தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. தைத்த கவுன்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அப்படி ஒரு நாள் ஐவி ஆன்ட்டி வீட்டு வாசலில் நின்றபோதுதான் ஜாஸ் முதலில் என் காதில் விழுந்தது. கிளாரினெட் தனியாக மேலே ஏறி, ஏறின இடத்திலேயே கொஞ்சம் நின்று யோசித்து, பிறகு வழுக்கிக்கொண்டு இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதா கோயிலில் பாடிப் பழகிய காதுக்குப் பாட்டு என்றால் வரிசையில் நேராக நடந்துபோகிற விஷயம். இதுவோ பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை போலச் சுவரைத் தடவிக்கொண்டு, கல்லை உதைத்துக்கொண்டு போயிற்று. ஆனால் வீடு போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குச் சரியாகச் சேர்ந்துவிட்டது.

ஐவி ஆன்ட்டி ரயில் டிரைவரின் விதவை. சனிக்கிழமை சாயங்காலங்களில் ரயில்வே இன்ஸ்டிட்யூட் ஹாலில் நடனம் சொல்லிக்கொடுப்பார். மற்றவர்கள் ஜைவ் என்பார்கள். அவர் மட்டும் ஸ்விங் என்றே சொல்வார். அந்தத் தெருப் பையன்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதால் ஆண்களுக்குப் பஞ்சம். நான் நெட்டையாக இருந்தேன். "நீதான் ஆம்பள" என்று என்னை ஒரு பெண்ணின் எதிரே நிறுத்திவிட்டார். நான் கற்றது முழுவதும் ஆண் பாகம்தான். கூட ஆடுகிறவளைக் கூட்டிக்கொண்டு போகிற பாகம். கையைப் பிடித்து இழுத்தால் ஆன்ட்டிக்குக் கோபம் வரும். "மாட்டையா ஓட்டறே? அடுத்த எட்டு எங்கேன்னு அவளுக்கு முன்கூட்டியே சொல்லு. வாயால இல்ல" என்பார்.

ஒரு சனிக்கிழமை என் அம்மா ஹால் வாசலில் வந்து நின்றார். நான் ஒரு பெண்ணின் இடுப்புக்கு மேலே கை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா திட்டவில்லை. திரும்பி நடந்தார், நான் பின்னாலேயே போனேன். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் சேவியருக்கு வாக்கப்பட்டுத் திருப்பூர் வந்தேன். அவர் பிரிண்டிங் மாஸ்டர். பனியன் துணியில் படம் அச்சடிக்கிற பட்டறை. ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் ஒரு நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தினேன். ஐவி ஆன்ட்டியும் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் என் சீர்வரிசை என்று சேவியர் கேலி செய்வார். சேவியருக்கு ஆட வராது. ஆகவே ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டி, அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, சமையற்கட்டில் தனியாக ஆடுவேன். டேப்பை மெல்ல வைத்து, கதவைத் தாழிட்டு, சட்டினி தாளிக்கிற நேரம் பார்த்து ஆடுவேன். வெளியே கேட்டால் தாளிப்புச் சத்தம் கேட்கட்டும் என்று. அந்த வாழ்க்கையில் எனக்கிருந்த சந்தோஷங்களில் அது முக்கியமானது. அதற்குக்கூட ஒரு தாழ்ப்பாள் தேவைப்பட்டது.

ஒரு நாள் சேவியர் நாக்கைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் வேலை எடுத்துச் செய்கிற கம்பெனி முதலாளி கிருஷ்ணசாமி, சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வந்தால் விருந்தில் ஆடுகிறார்கள், நம் வீட்டுப் பெண்கள் சுவரோரம் நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று வருத்தப்பட்டாராம். இவர் யோசிக்காமல் என் சம்சாரத்துக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு முதலாளி இவரை ஒரு மாதிரி பார்த்தாராம். ஆனால் அடுத்த வாரமே ஆள் அனுப்பிவிட்டார்.

கிருஷ்ணசாமி, ஏற்றுமதிக்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய மனமகிழ் மன்றத்துக்குச் செயலாளர். அவரைப் போல மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. அவருடைய மரியாதையைப் போல என்னைக் கூச வைத்ததும் வேறொன்றில்லை. நான் எதிரே நின்றுகொண்டிருப்பேன், அவர் எழுத்தரிடம் "டீச்சர் வந்துட்டாங்களாங்க?" என்று கேட்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் தலைக்கு மேலே சுவரில் ஓர் இடம் இருந்தது, அதைப் பார்த்துப் பேசுவார். சம்பளக் கவரை என் கையில் தரமாட்டார், மேஜை மேல் வைத்து என் பக்கமாக லேசாகத் தள்ளுவார். தள்ளும்போது "தப்பா நெனைக்காதீங்க" என்பார். எதைத் தப்பாக நினைக்கக் கூடாது என்று கடைசி வரைக்கும் சொன்னதில்லை. முன் படிக்கட்டில் சீட்டாட வருகிறவர்கள் ஏறுவார்கள். எனக்குப் பின் படி. பலகையில் மகளிர் உடற்பயிற்சி என்று எழுதியிருந்தது. ஜன்னல்களில் அட்டைப்பெட்டி அட்டையை ஒட்டியிருந்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாடு முடிந்து வகுப்பு. ஏழெட்டுப் பெண்கள் காரில் வந்து இறங்குவார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கம்பெனிக்காரர்களுக்கு வாக்கப்பட்டவர்கள். கேன்வாஸ் ஷூவைக் காய்கறிப் பையில் கீரைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவார்கள். முதல் வேலை சேலை. கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிப் பின் குத்த வேண்டும், முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருக வேண்டும், மெட்டியைக் கழற்ற மாட்டார்கள் என்பதால் அந்த விரலில் பஞ்சு வைத்து ஷூ போட வேண்டும். முதல் வாரம் டேப்பைத் தொடமாட்டேன். வெறும் நடைதான். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு ஹாலின் நீளத்துக்கு நடப்பது. சிரித்துச் சிரித்தே அந்த வாரம் போய்விடும். சிரிப்பு அடங்கிய பிறகுதான் பாட்டு. பாட்டிலும் முதலில் ஆட்டம் கிடையாது. தாளத்தின் கனம் எங்கே விழுகிறது என்று கேட்கச் சொல்வேன். நம் மேளத்தில் விழுகிற இடத்தில் இது விழாது. ஒரு மயிரிழை தள்ளி, சாய்ந்து விழும். அந்தச் சாய்வு உடம்புக்குள் போகாதவரை எட்டு வைத்துப் பிரயோசனம் இல்லை.

அவர்களில் யாருக்கும் அது போகவில்லை. எட்டுகளை மனப்பாடம் செய்தார்கள். நான் வீட்டுக்கு வந்து ஜன்னல் துண்டைப் பிடித்துக்கொள்வேன்.

மயிலாத்தாள் வந்தது இரண்டாவது வருஷம். எண்பதுகள் முடிகிற சமயம். வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப்போன பிறகு பின் படி வழியாக ஏறி வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெளிறின நூல் சேலை, நெற்றியில் ஒன்றுமில்லை. சேவூர்ப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கணவர் லாரி மோதி இறந்தபின், தானே ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்து கம்பெனியைக் காப்பாற்றியவர் என்று பிறகு தெரிந்தது. இப்போது கொழுந்தனார் வேலுசாமியும் அவரும் கூட்டு. பையர்களைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்வார். நூலும் துணியும் இவர் பொறுப்பு.

கையில் ஒரு கேசட் வைத்திருந்தார். டச்சுக்கார பையர் ஒருவர், வயதானவர், சாயப்பட்டறைக்குப் போகும்போது காரில் இதைப் போட்டாராம். இவர் என்ன சத்தம் என்று சைகையில் கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டாராம்.

"இதுக்கு ஆடற ஆட்டத்தச் சொல்லிக் குடுப்பீங்களாங்க டீச்சர்?" என்றார்.

விருந்துக்காகவா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் இல்லீங்க. இதக் கேட்டா காலு சும்மா இருக்க மாட்டீங்குது. அதுக்கு என்ன பண்றதுன்னு தெரியணும்."

கேசட்டைப் போட்டேன். டிரம்பெட் கத்தியது. கேட்டுக்கொண்டே நின்றவர், எங்கள் தோட்டத்து ஆயில் இன்ஜின் இப்படித்தான் விட்டுவிட்டு அடிக்கும், தண்ணி பாய்ச்சும்போது அந்தத் தாளத்துக்குத்தான் மடை திருப்புவோம் என்றார். சொல்லிவிட்டுக் குதிகாலைத் தட்டிக் காட்டினார். அந்த மயிரிழைச் சாய்வு அதில் இருந்தது. நான் பல மாதம் சொல்லியும் யாருக்கும் போகாத சாய்வு. இவர்தான் என் மாணவி என்று தோன்றியது. அதே நேரம் இன்னொன்றும் தோன்றியது. அதையும் எழுதிவிட வேண்டும். இந்த அம்மாவுக்கு வெட்கமே இல்லையா என்று நினைத்தேன். புருஷனை இழந்தவர் கேசட்டும் கையுமாக வந்து நிற்கிறாரே என்று. எந்தக் கண்ணால் என் அம்மா என்னைப் பார்த்தாரோ அதே கண்.

அடுத்த வகுப்பிலிருந்து மற்றவர்களோடு வந்தார். ஜோடி சேர்க்கும்போது அவருடைய கையைப் பிடிக்க ஒருவரும் முன்வரவில்லை. யாரும் முகம் கோணவில்லை, எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது. ஒருத்திக்குக் கால் வலி, இன்னொருத்திக்கு அன்று சாமி காரியம். ஆகவே நான்தான் அவருக்கு ஜோடி. தோள்பட்டை எலும்புக்குக் கீழே என் வலது கையை வைத்ததும் அவர் முதுகு பலகை போல விறைத்தது. கையை எடுத்துவிட்டேன்.

"எடுக்காதீங்க. ஒருத்தரு தொட்டு ரொம்ப நாளாச்சுங்க, அதான்" என்றார். கண்ணீரெல்லாம் இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வது போலச் சொன்னார்.

ஒரு மாதத்தில் மற்ற பெண்கள் வருவது குறைந்தது. கிருஷ்ணசாமி கூப்பிட்டனுப்பினார். சுவரைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "அந்தம்மாவ வர வேண்டாம்னு நாங்க சொல்ல மாட்டோமுங்க. அவிய எங்களுக்குப் பங்காளி ஊடு. நீங்களே பக்குவமா ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

நான் சொல்லப் போனேன். அவருடைய நூல் குடோனில் கோன் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, வகுப்பு நேரம் மாறுகிறது, இடம் போதவில்லை என்று என்னென்னவோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாது, குடோனும் சும்மாதான் கிடக்கிறது என்றார்.

அப்படித்தான் என் வாழ்நாளில் நான் சொல்லிக்கொடுத்த உண்மையான வகுப்பு ஒரு நூல் குடோனில் நடந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் போவேன். தரையில் பஞ்சுத் தூசி படிந்து வழுக்கும். ஈரச் சாக்கைப் போட்டு இழுத்துத் துடைப்போம். பெட்டிகளைச் சுவரோரம் தள்ளுவோம். அவருக்கு எட்டு சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை, உடம்பு பாட்டைக் கேட்கிற அந்த நொடியை அவசரப்படுத்தாமல் இருக்கத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. டிரம்பெட் அழைக்கும், அவர் முந்திக்கொண்டு போவார். காத்திருங்கள், பியானோ வரட்டும் என்பேன். ஒரு நாள் பியானோ வந்தது, அவர் காத்திருந்தார், நான் கையை லேசாகத் திறந்தேன், அவர் அந்த இடைவெளிக்குள் சுற்றிக்கொண்டு போய் வெளியே வந்தார். இரண்டு பேரும் நின்றுவிட்டோம். இன்னொரு தரம் என்றார். அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டோம்.

இவ்வளவு இருந்தும், குடோன் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பேன். யாராவது வந்தால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் டியூஷன் என்பேன். மயிலாத்தாள் மட்டும் யார் கேட்டாலும் "டீச்சர் டான்ஸ் சொல்லிக் குடுக்கறாங்க" என்றே சொல்வார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் வேர்த்துப்போய் நிற்பேன்.

பிறகு அந்த விருந்து. கோயம்புத்தூரில் ஒரு ஹோட்டலில், சாயங்காலம். பையர்கள் சிலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மன்றத்துப் பெண்கள் தத்தம் கணவரோடு ஒரு பாட்டுக்காவது ஆட வேண்டும் என்பது கிருஷ்ணசாமியின் திட்டம். அவர்களுக்குத் தைரியம் சொல்ல என்னை வரச் சொல்லியிருந்தார். நான் ஒரு தூணோரம் நின்றேன். மேடையில் போத்தனூர்க்காரர்களின் பேண்ட். அதில் டிரம்பெட் வாசித்தவருக்கு என்னை அடையாளம் தெரிந்து தலையாட்டினார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. எங்கள் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். கணவர்கள் தட்டைப் பார்த்தார்கள். வெளிநாட்டு ஜோடிகள் இரண்டு மூன்று மட்டும் ஆடின. அந்த டச்சுக்காரர் எழுந்து மயிலாத்தாளின் மேஜைக்குப் போய்க் குனிந்து கை நீட்டினார். பக்கத்தில் கொழுந்தனார் வேலுசாமி. ஹாலில் எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரின் சாப்பாடும் நின்றுபோயிற்று.

மயிலாத்தாள் எழுந்தார். டச்சுக்காரரைக் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். வேலுசாமி மூச்சு விட்டது எனக்கே தெரிந்தது. ஆனால் மயிலாத்தாள் உட்காரவில்லை. ஹாலின் குறுக்கே நடந்து என் தூணுக்கு வந்தார்.

"வாங்க டீச்சர். இந்தப் பாட்டு நமக்குத் தெரியும்."

"வேண்டாமுங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டுமுங்க" என்று கையை நீட்டினார். முறைப்படி நீட்ட வேண்டியது என் கை.

போனேன். ஆடினோம். அதன் பிறகு என்ன நடந்தது என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கிருஷ்ணசாமி தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது மரியாதை தெரிந்த ஆண் திரும்பிக்கொள்வதைப் போல, சத்தமில்லாமல். வேலுசாமி ஸ்பூனைக் கீழே வைத்தார். கட்லட் தட்டோடு ஒரு சர்வர் வழியிலேயே நின்றான். என் ரவிக்கையின் அக்குள் தையல் விட்டிருந்தது, காலையில் தைக்க வேண்டும் என்று நினைத்து மறந்தது. கையைத் தூக்கும்போதெல்லாம் அது தெரியுமே என்று உயிர் போயிற்று. எங்கள் பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் கை தட்டினார்கள். மயிலாத்தாள் தன் இடத்துக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பேண்ட் அடுத்த பாட்டை முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கிருஷ்ணசாமி கூப்பிட்டார். அன்றைக்கு எழுந்து நின்று பேசினார். "டீச்சருக்கு ரொம்பச் சிரமம் குடுத்துப்போட்டோமுங்க. இனிமே வரவேண்டியதில்லீங்க. தப்பா நெனைக்காதீங்க." கவரை நகர்த்தினார். அதோடு விடவில்லை அந்த மனிதர். தனக்கு வேண்டிய மெட்ரிக் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர் வேலைக்கு என்னைச் சொல்லியிருப்பதாகவும், நாளைக்கே போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். உண்மையாகவே நன்றியோடுதான் சொன்னேன், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மயிலாத்தாளின் பக்கம் அவ்வளவு மென்மையாக முடியவில்லை. வேலுசாமி உறவுக்காரர்களை உட்காரவைத்துப் பேசினார். அண்ணி இனிமேல் பையர் வருகிற பக்கமே வரக்கூடாது, இல்லையென்றால் பிரித்துவிடலாம் என்றார். மயிலாத்தாள் பிரித்துக்கொண்டார். கம்பெனிப் பெயரும் ஏற்றுமதியும் கொழுந்தனாருக்கு, பழைய மிஷின்கள் இவருக்கு. இதெல்லாம் சேவியர் பட்டறையில் கேட்டு வந்து சொன்னது. நான் போய்ப் பார்க்கவில்லை. என்னைத் தொட்டதால்தான் அவருக்கு இந்தக் கதி என்று நினைத்துக்கொண்டேன். அவர் தெருவழியே போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவேன்.

பிறகு ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடம்தான். விசில், கபடிக் கோடு, குடியரசு தின அணிவகுப்பு. ஆண்டு விழாவுக்குச் சினிமாப் பாட்டுக்குப் பிள்ளைகளை ஆடவைப்பேன். அதையும் டிரில் என்றே சொல்வேன். நல்ல சாய்வுள்ள பிள்ளைகள் சிலர் வந்தார்கள். ஒருத்தருக்கும் நான் ஜாஸ் போட்டுக் காட்டவில்லை. பிஸ்கட் டின் பரண்மேல் ஏறிவிட்டது.

தொண்ணூறுகளின் பின்பாதியில், விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்கு பனியன் தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. அவிநாசிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் நியாயமாகச் செய்கிறார்கள் என்று பள்ளி அலுவலகத்தில் சொன்னார்கள். போய் இறங்கினால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து மயிலாத்தாள் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"வாங்க டீச்சர்" என்று இன்னொரு துணிக்கட்டை இழுத்துப் போட்டார், நேற்றுப் பார்த்தவர் போல.

டீ வந்தது. அளவும் நிறமும் பேசி முடித்தோம். பிறகு நான் இத்தனை வருஷம் தூக்கித் திரிந்ததைச் சொன்னேன். என்னால்தான் உங்களுக்கு இப்படி ஆயிற்று என்று.

அவர் கத்தரியை மடியில் வைத்தார். "உங்களால என்னங்க ஆச்சு? நான்தானுங்களே கூப்பிட்டேன். பிரிச்சுட்டு வந்தது நல்லதுக்குத்தான். வேலுசாமி கிட்டக் கணக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு." குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு ஆடுனத நான் இன்னும் நெனைச்சுக்குவேனுங்க. நூல் வெலை ஏறுனா, ராத்திரி தூக்கம் வரலீன்னா, அதத்தான் நெனைச்சுக்குவேன். நீங்க?" என்றார்.

சேவியரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன். "நாற்காலி திரும்புனது, சிரிச்சவங்க மூஞ்சி, என் ரவிக்கை கிழிஞ்சிருந்தது, இதெல்லாம் ஞாபகம் இருக்கு. ஆடுனது ஒண்ணுகூட ஞாபகம் இல்லீங்க. வெக்கத்துல எதையும் பாக்கலைங்க நான்."

சொல்லும்போதே முகம் எரிந்தது. மேல்நாட்டு ஆட்டத்தை ஊருக்கே சொல்லிக்கொடுக்க வந்தவள், நல்ல பேண்டும் நல்ல தரையும் நல்ல ஜோடியும் அமைந்த ஒரே ஆட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தவறவிட்டிருக்கிறேன்.

மயிலாத்தாள் என்னையே பார்த்தார். பரிதாபப்படுகிறாரோ என்று பயந்தேன். அவர் கையிலிருந்த பனியனைக் கட்டின் மேல் போட்டுவிட்டு, வேலை செய்துகொண்டிருந்த பெண்களைச் சாப்பிடப் போகச் சொன்னார்.

"மொதல்ல நீங்க ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றார். "பாட்டு ரெண்டு தரம் வந்துட்டுப் போயிருச்சு. நீங்க மரமாட்டம் நிக்கறீங்க. நானும் நின்னேன். காத்திருக்கோணும்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க. அப்பறம் அந்த ஆள் ஒசர வயலின் வெச்சிருந்தவரு மட்டும் வாசிச்சாரு. மத்தவங்க நிறுத்திப்போட்டாங்க. டும் டும்னு அது மட்டும். அப்பத்தான் உங்க காலு எடுத்துச்சு."

"எந்தக் காலுங்க?"

"எடது காலு. சின்னதா வெச்சீங்க, குடோன்ல ஈரத் தரையில வெக்கற மாதிரி. அப்பறம் கை திறந்தீங்க. நான் போயிட்டு வந்தேன். ரெண்டாந்தரம் போயிட்டு வரும்போது நீங்க வேற ஒண்ணு பண்ணுனீங்க. நம்ம பழகாதது. கைய மாத்திப் புடிச்சு என்னைய உங்க முதுகுக்குப் பின்னால விட்டு அந்தப் பக்கம் எடுத்தீங்க. விழுந்திருவேன்னு நெனைச்சேன். விழுகலீங்க. வெளிய வந்து பாத்தா நீங்க சிரிச்சுட்டு இருக்கறீங்க."

"நானுங்களா?"

"வாய் விட்டுச் சிரிச்சீங்க டீச்சர். அந்த ஹாலுக்கே கேட்டிருக்கும்."

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் எடுக்கிற அந்தத் திருப்பம் ஐவி ஆன்ட்டி எப்போதோ ஒருமுறை செய்து காட்டியது. அது எனக்கு வரும் என்றே எனக்குத் தெரியாது. வெளியே வெயில் சுள்ளென்று காய்ந்தது. பனியன்களைப் பற்றி இன்னும் பேச வேண்டியது இருந்தது, பள்ளிக்குத் திரும்ப வேண்டிய நேரமும் ஆகிவிட்டது. நான் துணிக்கட்டின் மேல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"அப்பறமுங்க?" என்று கேட்டேன்.